பழைய 'பர்ன்ஸ் லண்டன்' எலக்ட்ரிக் கிட்டார் ஏன் அரிது? வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஜிம் பர்ன்ஸ் 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தயாரித்த கிட்டார்கள் இவை. 1965-இல் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனம் கம்பெனியை வாங்கி, பெயரையும் மாற்றியது. 'பர்ன்ஸ்' முத்திரை உள்ளவை குறைவாக இருப்பது அதனால்தான்.

முதலில் ட்ரெமொலோவைப் பாருங்கள்; கம்பிகளின் சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி அமைப்பு அது. 1964-இல் வந்த மார்வின் மாடலில் ஒவ்வொரு கம்பிக்கும் தனி உலோகக் குழாய் உண்டு. ஒன்று தொலைந்தாலும் பழைய அம்பாசடருக்கு ஒரிஜினல் கதவுப்பிடி தேடுகிற அலைச்சல்தான்.

அடுத்து பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பாகம். உள்ளே சுற்றியிருப்பது முடி போன்ற செம்புக் கம்பி. அரித்துப்போனால் அறுந்துவிடும். கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, கேபிளின் மறுமுனையில் ஒவ்வொரு பிக்கப்பின் மின்தடையையும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். சில ஆயிரம் ஓம் காட்டினால் சரி. சுவிட்ச் வேலை செய்தும் ஒன்றுமே காட்டாவிட்டால் பெரும்பாலும் சுருள் போயிருக்கும். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

'பால்ட்வின்' என்று எழுதியிருந்தால் போலி எனப் பலர் ஒதுக்குகிறார்கள். 1965-க்குப் பிறகு அதே மாடல்கள் அந்தப் பெயரில்தான் வந்தன.