ஏழைகளின் குடிநீருக்கு ஒரு வாக்கு

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஏழை ஊர்களின் குடிநீருக்காக அரசு கடன் வாங்கலாமா என்று மக்களிடமே வாக்குக் கேட்கிறார்களாமே, அதனால் பயன் உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்டு, ஆனால் அது பாதிப் பயன்தான். பொது வருவாயிலிருந்து வட்டியோடு திருப்பித் தரவேண்டிய பெரிய கடன்பத்திரங்களை வெளியிடுவதற்கு, அந்த மாநில அரசமைப்பின்படி வாக்காளர்களின் ஒப்புதல் தேவை. 2014 நவம்பரில், கடும் வறட்சிக்கு நடுவே, சுமார் 750 கோடி டாலருக்கான ‘முன்மொழிவு 1’ என்னும் தண்ணீர்க் கடன்பத்திரத் திட்டம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேறியது. அதில் 52 கோடி டாலர் தூய குடிநீருக்கும் சிற்றூர்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் ஒதுக்கப்பட்டு, வருமானம் குறைந்த ஊர்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. எனினும் 2018-இல் வந்த ‘முன்மொழிவு 3’ என்னும் இன்னொரு தண்ணீர்க் கடன்பத்திரத் திட்டம் சிறு வித்தியாசத்தில் தோற்றது.

அந்த மாநிலத்தின் சான் ஹோக்கின் பள்ளத்தாக்கில் நாட்டுக்கே காய்கறியும் பழமும் விளைவிக்கும் பண்ணைத் தொழிலாளர்களின் கிணறுகளில் உர நைட்ரேட்டும் ஆர்செனிக்கும் கலந்திருப்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது. அதே பள்ளத்தாக்கிலுள்ள கிழக்கு போர்ட்டர்வில் என்ற ஊரில் 2014-இல் கிணறுகளே வற்றி, மக்கள் தொட்டித் தண்ணீரை நம்பி வாழ நேர்ந்தது.

கடன்பத்திரப் பணத்தைக் கொண்டு குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அமைக்கலாமே தவிர, அவற்றை அன்றாடம் இயக்குவதற்கான மின்கட்டணம், வேதிப்பொருள், ஊழியர் சம்பளம் ஆகியவற்றை ஊராரே சுமக்கவேண்டும். நூறு வீடுகள் மட்டுமே உள்ள ஊரால் அது எப்படி முடியும்? இந்தக் குறையை நீக்கவே, 2019-இல் ஆண்டுக்கு 13 கோடி டாலர் வரை வழங்கும் தனி நிதியத்தைச் சட்டமன்றம் உருவாக்கியது. என் கணிப்பில், கடன்பத்திர வாக்கெடுப்பைவிட இந்த நிதியமே முக்கியமான வெற்றி.