முன்னுக்குப் போகச் சொல்லும் கொண்டக்டர்

அன்புள்ள ஐயாவுக்கு,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். கதை எழுதப் பழகுபவர்கள் நாலு கட்டக் கார்ட்டூனும் வரைந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். 100ஆம் இலக்க பஸ்ஸை வைத்து ஒன்று வரைந்து இணைத்திருக்கிறேன். முதல் மூன்று கட்டங்களில் கொண்டக்டர், முன்னுக்குப் போகச் சொல்லி சிங்களத்தில் 'இஸ்ஸரஹட்ட யன்ன' என்று கத்துகிறார்; பயணி நகர்ந்துகொண்டே இருக்கிறார். நாலாவதில் பயணி, "இதற்கு மேல் போனால் டிரைவரின் மடியில்தான் உட்கார வேண்டும்! இந்த பஸ்களில் மனிதருக்கு மதிப்பே இல்லை!" என்கிறார். மனைவி பார்த்துவிட்டு "உண்மைதான்" என்றாள். சிரிக்கவில்லை. எனக்குச் சித்திரமும் வராது. விட்டுவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கார்ட்டூனுக்கு "உண்மைதான்" என்பதைவிட மோசமான விமர்சனம் இல்லை. ஆனால் அது உங்கள் கோடுகளுக்குக் கிடைத்ததல்ல. பஸ் பஸ்ஸாகத் தெரிகிறது, கொண்டக்டர் கொண்டக்டராகத் தெரிகிறார். போதும். (எல்லாருடைய முழங்கையும் எதிர்ப்பக்கம் மடிகிறது. எனக்கு அது பிடித்திருந்தது.)

மூன்று கட்டம்வரை நகர்ந்துகொண்டிருந்த மனிதர் நாலாவதில் திடீரென்று தலையங்கம் எழுதுகிறார். சிக்கல் அங்கேதான். அந்த வசனத்தை அழித்துவிடுங்கள். கொண்டக்டருக்கு ஒரே ஆசை, ஆட்களை முன்னுக்கு அனுப்புவது. அதைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். நாலாவது கட்டத்தில், கொழும்பு - காலி வீதி நெரிசலில் பஸ் நிற்கிறது. அதற்கு முன்னால், தெருவில், பயணி நடந்துகொண்டிருக்கிறார். மிதிபலகையில் தொங்கியபடி கொண்டக்டர் அவரைப் பார்த்து அதே இரண்டு சொற்களைக் கத்துகிறார். பயணி எப்படி இறங்கினார் என்பதை வரைய வேண்டாம். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியில் வாசகரே அவரை இறக்கிவிடுவார். உங்கள் சிறுகதைகளில் ஆட்கள் எழுந்து, செருப்பு மாட்டி, கதவு திறந்து வெளியே போவதற்கே அரைப் பக்கம் ஆகுமென்றால், அதற்கும் இதுதான் மருந்து.

சார்ள்ஸ் ஷூல்ஸ் 1950 ஒக்டோபரில் வெளியிட்ட முதல் 'பீநட்ஸ்' கார்ட்டூனும் நாலே கட்டம்தான். தெருவோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன், வந்துகொண்டிருக்கும் சார்லி பிரவுணை நல்லவன், நல்லவன் என்கிறான். அவன் கடந்துபோனதும், அவனைக் கண்டாலே வெறுப்பு என்கிறான். ஏன் வெறுப்பு? ஷூல்ஸ் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கும் சிறுமியும் வாயே திறப்பதில்லை. நீங்களாக இருந்தால் அவளுக்கும் ஒரு வசனம் கொடுத்திருப்பீர்கள்.

நம்மிடமும் ஆள் இருந்தார். 'சிரித்திரன்' என்ற நகைச்சுவைச் சஞ்சிகையை நடத்திய சுந்தர், 'தினகரன்' பத்திரிகையில் வரைந்த சவாரித்தம்பர் என்ற கார்ட்டூன் பாத்திரத்தை வாசகர்கள் ஊர்க்காரராகவே பழகிக்கொண்டார்கள். பழகிய ஆளுக்கு முன்கதை தேவையில்லை, முதல் கட்டத்திலேயே வேலை தொடங்கிவிடும். ஆகவே இந்தக் கொண்டக்டரை ஒரே கார்ட்டூனோடு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். சீருடை வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் கொண்டுபோய் நிறுத்துங்கள். இலை எல்லாம் நிரம்பிவிட்டது, வாசலில் இன்னும் நாற்பது பேர் நிற்கிறார்கள். அவர் கண்ணுக்கு மட்டும் முன்னுக்கு நிறைய இடம் தெரியும்.