நகைய வெச்சு தோட்டத்துக்கு சென்சார் போடலாமா?

கேள்வி: வணக்கம் சார், எங்களுக்கு பொள்ளாச்சி பக்கம் 6 ஏக்கர் இருக்குங்க, 4 ஏக்கர் தென்னை, 2 ஏக்கர் நேந்திரன் வாழை. சொட்டுநீர் போட்டு 5 வருஷம் ஆச்சு. திருப்பூர் வேலைய விட்டுட்டு இப்ப நான்தான் பாத்துக்கறேன். ஒரு கம்பெனில இருந்து வந்து மண் ஈரம் பாக்கற சென்சார் 4, தானா திறந்து மூடற வால்வு, மோட்டார் கன்ட்ரோல், ஒரு குட்டி வெதர் ஸ்டேஷன் எல்லாம் சேத்தி 1,85,000 ரூபாய்க்கு கொட்டேஷன் குடுத்திருக்காங்க. அதுபோக ஆப்புக்கு வருஷ சந்தா 12,000. ஒன்றரை வருஷத்துல போட்ட காசு திரும்பிரும்ங்கறாங்க. வீட்டுக்காரி நகைய பேங்க்ல வெச்சா 9 பர்சன்ட் வட்டி, இல்லன்னா அம்மா பேர்ல இருக்கற 2 லட்சம் எஃப்டிய உடைக்கலாம். ரெண்டுல எது நல்லதுங்க? கொட்டேஷன் போட்டோ அனுப்பிருக்கேன்.

பதில்: தம்பி, நீங்க நகையா எஃப்டியான்னு கேட்டிருக்கீங்க, நான் ரெண்டும் வேண்டாம்னுதான் சொல்லுவேன். இந்த டெக்னாலஜி மேல எனக்கு கோவம் எதுவும் இல்ல, போட்டோல இருக்கற அந்த "வருட சேமிப்பு" டேபிள் மேலதான் கோவம்.

அதுல என்ன போட்டிருக்காங்க, கரண்டு 24,000, ஆள் கூலி 48,000, உரம் 18,000, கூடுதல் மகசூல் 40,000, ஆக மொத்தம் வருஷத்துக்கு 1,30,000. இதை வெச்சுத்தான் ஒன்றரை வருஷம்ங்கறாங்க. முதல் வரிலயே சிரிப்பு வந்துருச்சு. தமிழ்நாட்டுல விவசாய சர்வீஸுக்கு பெரும்பாலும் கரண்டு 1990ல இருந்து ஃப்ரீ. கட்டாத பில்லுல 24,000 எப்படிங்க மிச்சமாகும்? வேற ஸ்டேட்டுக்கு போட்ட டேபிள்ல உங்க பேர மாத்தி பிரிண்ட் எடுத்து குடுத்திருக்காங்க, அவ்வளவுதான்.

அடுத்தது ஆள் கூலி. உங்க தோட்டத்துல தண்ணி கட்டற ஆள் தண்ணி மட்டுமா கட்டறாரு? மட்டை பொறுக்கறது, களை பாக்கறது, மாட்டுக்கு தீவனம் போடறது எல்லாம் அவர்தானே. வால்வு தானா திறந்துட்டா அவரை நிறுத்திருவீங்களா, மாட்டீங்க. சம்பளம் கையவிட்டு போயிட்டுதான் இருக்கும். அவருக்கு ரெண்டு மணி நேரம் ஓய்வு கிடைக்கும், அது நல்ல விஷயந்தான், ஆனா அதை வெச்சு பேங்க்ல வட்டி கட்ட முடியாது. என் கணக்குல சேமிப்புன்னா கையவிட்டு போற காசு போகாம நிக்கணும், மத்ததெல்லாம் பேப்பர்ல எழுதற நம்பர்.

மகசூலுக்கு வருவோம். தென்னைல பாளை வெடிச்சதுல இருந்து காய் வெட்டுக்கு வரவே 12 மாசம் ஆகும், பாளை உள்ளுக்குள்ள உருவாகறது அதுக்கும் ரொம்ப முன்னாடியே, அதனால இன்னிக்கு தண்ணிய சரி பண்ணா ஒன்றரை வருஷத்துல காசா திரும்பும்னு தென்னந்தோப்பு வெச்சிருக்கறவங்ககிட்டயே சொல்றதுக்கு தனி தைரியம் வேணும். இன்னொண்ணு, ஏக்கருக்கு 70 மரம்னு வெச்சா 280 மரம், அதுக்கு 2 சென்சார். 140 மரத்துக்கு ஒரு ஈரக் கணக்கு. உங்க தோப்புல மேட்டு பக்கம் செம்மண்ணும் பள்ளத்துல கரிசலும் இருந்தா அந்த ஒரு நம்பர் யாருக்கு பொருந்தும்? அதவிட உங்க ஏரியால தோப்புக்காரங்கள தூங்க விடாதது 2016ல வந்த சுருள் வெள்ளை ஈயும் கேரளா வேர் வாடல் நோயும்தான், ஈர சென்சார் அதுக்கு ஒண்ணும் பண்ணாது.

உரத்துல நியாயம் இருக்கு. தண்ணி அதிகமா விட்டா யூரியா வேருக்கு கீழ இறங்கி வீணாத்தான் போகும், வாழைக்கு வேர் பெரும்பாலும் மேல ஒரு அடிக்குள்ளதான். ஆனா உங்களுக்கு ஏற்கனவே சொட்டுநீர்ல வென்சுரி (உரக் கரைசல உறிஞ்சி தண்ணில கலக்கற குழாய்) வழியா உரம் போயிட்டிருக்கு, அதனால 18,000ல பாதி 9,000 எடுத்துக்கறேன். வாழைத் தார் எடை கூடறதுக்கு தாராளமா 15,000 போடறேன். ஆக 24,000.

செலவு பக்கம் பாருங்க. சாமான் 5 வருஷம் தாங்கும்னு வெச்சா வருஷத்துக்கு 37,000, சந்தா 12,000, நகைய வருஷா வருஷம் மாத்தி வெச்சு கொஞ்சங்கொஞ்சமா அடைச்சா வட்டி சராசரியா 8,000, மொத்தம் 57,000. வருஷா வருஷம் 33,000 கைக்கடி. 5 வருஷம் தாங்கும்னு வெச்சதே என் பெருந்தன்மை, ஏன்னா நானே அடிபட்டவன். அப்பா தோட்டத்துல 40,000 ரூபாய்க்கு இதே மாதிரி ஒரு செட் போட்டேன். ஆள் வந்தாங்க, ஒரு சென்சார சொட்டு விழற ட்ரிப்பருக்கு அடியிலயே புதைச்சுட்டு போயிட்டாங்க, அது வருஷம் பூரா ஈரம் ஈரம்னே சொல்லிட்டு இருந்துச்சு, வாழை இலை மத்தியானம் மடங்கி தொங்குது, ஆப்புல பச்சை லைட்டு. இன்னொண்ணோட வயர பாத்தி எடுக்கறப்ப மம்முட்டி வெட்டிருச்சு. மூணாவது வருஷம் ஆப்ப திறந்தா சுத்திட்டே இருக்கு, போன் போட்டா எடுக்க ஆளில்ல, கம்பெனிய மூடிட்டாங்க. சர்வர் அவங்ககிட்ட, அதனால பெட்டி நல்லா இருந்தும் பிரயோஜனமில்ல. இப்ப மோட்டார் ரூம்ல கெடக்கு, உள்ள குளவி கூடு கட்டிருக்கு.

அப்ப ஒண்ணுமே வாங்க வேண்டாமான்னா, வாங்குங்க, ஆனா வேற வரிசைல. முதல்ல செல்போன் ஸ்டார்ட்டர். த்ரீ பேஸ் கரண்டு ராத்திரி 2 மணிக்கு வந்தா டார்ச்ச புடிச்சுட்டு பாம்புக்கு பயந்துட்டு போறது நிக்கும், வீட்ல படுத்துட்டே ஆன் பண்ணலாம். ட்ரை ரன் பாதுகாப்பு இருக்கானு கேட்டு வாங்குங்க, அதுலதான் காசே இருக்கு. போர்ல தண்ணி கீழ போயி மோட்டார் சும்மா ஓடி காயில் கருகுனா, பைப்ப தூக்கற கூலி, ரீவைண்டிங், அது முடியற வரைக்கும் காயற வாழைனு ஒரே தடவைல ஸ்டார்ட்டர் விலைய விட கூட போயிரும். இதுக்கு வேளாண் பொறியியல் துறைல மானியம் இருக்கு, சிறு குறு விவசாயி, பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு பாதி விலை, அதிகபட்சம் 7,000 ரூபாய், மத்தவங்களுக்கு 40 பர்சன்ட், அதிகபட்சம் 5,000னு குடுத்துட்டு இருந்தாங்க. நீங்க 6 ஏக்கர்ங்கறதால சிறு விவசாயி வரம்ப தாண்டிரும், அதனால பட்டா யார் யார் பேர்ல எவ்வளவு இருக்குன்னு பாருங்க, அம்மா பேர்ல பாதி இருந்தா அவங்க பேர்லயே அப்ளை பண்ணலாம். ஆபீஸ்ல கேக்கறதுக்கு முன்னாடி சாமான வாங்கிட்டு பில்ல தூக்கிட்டு போகாதீங்க, இந்த வருஷம் நடைமுறை என்னன்னு கேட்டுட்டு அப்புறம் வாங்குங்க.

ரெண்டாவது, கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிலையத்துக்காரங்க கண்டுபுடிச்ச மண் ஈரங்காட்டி. ஆப் கிடையாது, சிம் கிடையாது, கைல எடுத்துட்டு போய் மண்ணுல குத்துனா நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்புனு லைட்டு எரியும். நீலம்னா ஈரம் தாராளம், சிவப்புனா உடனே தண்ணி விடணும். இதை வாழைல நாலு எடத்துல குத்திப் பாத்து, ட்ரிப்பர் பக்கத்துல இல்லாம ஒரு சாண் தள்ளி, ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. நேந்திரன் தார் வெட்டற வரைக்கும் ஒரு 10, 11 மாசம். நோட்டுல பாதி நாள் நீலமா இருந்து நீங்க பழக்கத்துல மோட்டார் போட்டிருந்தீங்கன்னா, அப்ப வயர்லெஸ் சென்சாருக்கு உங்க தோட்டத்துல வேலை இருக்கு. எல்லாம் பச்சையும் ஆரஞ்சுமா இருந்தா உங்க கண்ணே போதும், 1,85,000 மிச்சம்.

வெதர் ஸ்டேஷன் தனியாளுக்கு வேண்டவே வேண்டாம். பக்கத்து தோட்டத்துலயும் அதே மழைதான் பெய்யுது, உங்க ஊர் உழவர் உற்பத்தியாளர் கம்பெனில பேசி ஊருக்கு ஒண்ணு போடுங்க.

நகைக்கடன் பத்தி ஒரே வார்த்தை, பொதுவா 12 மாசத்துல முழுசா திருப்பணும், 1,85,000க்கு ஒரு வருஷ வட்டி மட்டும் 16,650. வாழைக்கு ஒரு காத்து அடிச்சா அந்த வருஷ நகை திரும்பாது. அம்மா எஃப்டி அவங்க ஆஸ்பத்திரி காசு, அதை தொடாதீங்க. இன்னொரு பக்கம், தொழில் பண்றவங்க மிஷின் வாங்குனா தேய்மானம் காட்டி வரிய குறைப்பாங்க, விவசாய வருமானத்துக்கு வரியே இல்லாததால அந்த லாபமும் உங்களுக்கு கிடையாது.

கொட்டேஷன்காரங்க திருப்பி கூப்பிடுவாங்க, கண்டிப்பா கூப்பிடுவாங்க. அப்ப வாழை 2 ஏக்கருக்கு மட்டும் 2 சென்சார், வால்வு வேண்டாம், 3 வருஷ சந்தா உள்ள சேத்தி என்ன விலைன்னு கேளுங்க. சந்தா கட்டலைன்னா சென்சார் நம்பர் கைல கிடைக்குமா, ஒவ்வொரு பெட்டிக்கும் தனி சிம் ரீசார்ஜா இல்ல லோராங்கற ரேடியோ முறை மாதிரி எல்லாத்துக்கும் ஒரே ரிசீவரா, ரிப்பேருக்கு பொள்ளாச்சிலயே ஆள் இருக்கா, இதையும் கேட்டு எழுத்துல வாங்குங்க. 35,000க்கு மேல சொன்னா நோட்டு முடியட்டும்னு சொல்லிட்டு போன வெச்சுருங்க.

உங்க சர்வீஸ் ஃப்ரீ சர்வீஸா காசு கட்டற சர்வீஸானு மட்டும் எழுதி அனுப்புங்க தம்பி. காசு கட்டறதா இருந்தா கரண்டு வரிய திருப்பி சேத்து கணக்கு மாத்திப் போட்டுத் தரேன்.