ப்ளஸ் டூவில் பயாலஜி இல்லை, இப்போது நீட் எழுத முடியுமா?

முடியும். ப்ளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், அப்புறம் பி.இ., இப்போது 27 வயதில் எம்.பி.பி.எஸ். ஆசை என்று எழுதியிருந்தீர்கள். வயதைப் பற்றிய கவலையை விடுங்கள், 2022-லேயே உச்ச வயது வரம்பை எடுத்துவிட்டார்கள். உங்களுக்கு உண்மையான தடை பயாலஜி மட்டும்தான், அதற்கும் 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழி விட்டது: ப்ளஸ் டூ முடித்த பிறகு பயாலஜியைக் கூடுதல் பாடமாக, அங்கீகாரம் பெற்ற வாரியத்தில் எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம். என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் சேரலாம், செய்முறைத் தேர்வை மட்டும் தவற விட்டுவிடாதீர்கள். ப்ளஸ் டூ இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணையும் எடுத்துப் பாருங்கள், பயாலஜியோடு சேர்த்து குறைந்தபட்ச மதிப்பெண் ஏதும் கேட்கிறார்களா என்று அந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பி.இ. மதிப்பெண்ணை யாரும் கேட்கப்போவதில்லை, தரவரிசை முழுக்க நீட்டை வைத்துத்தான். அதில் 720-க்கு 360 பயாலஜி, அதனால் வேலையை விடுவதற்கு முன்பே என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் 11, 12-ஆம் வகுப்பு பயாலஜி பாடப்புத்தகங்களை வரி விடாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள். பிடிக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். அரசுக் கல்லூரி இடம் கிடைக்காவிட்டால் சுயநிதிக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியுமா என்பதையும் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.