எந்தக் கட்சி டிவியைப் பார்க்கலாம்? – கேள்வி பதில்

அரசியல், ஊடகம், வலைப்பதிவு பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்தவற்றில் பாதி கேள்விகள், மீதி வசவுகள். வசவுகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். கேள்விகளுக்கு இங்கே பதில்.

முற்போக்கு என்று சொல்லிக்கொள்கிறீர்கள். ஆனால் திமுக, காங்கிரஸ் ஆட்சிகளையும் விடாமல் குத்துகிறீர்கள். நீங்கள் எந்தப் பக்கம்? – திருச்சி வாசகர்

இட ஒதுக்கீடு, மாநில உரிமை, சாதி மறுப்புத் திருமணம், தொழிற்சங்கம் இதிலெல்லாம் என் பக்கம் எது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் ஒரு சட்டம் வரும்போது, கொண்டுவந்தவர் நல்லவரா என்று நான் பார்ப்பதில்லை. நாளைக்கு நமக்குப் பிடிக்காதவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இதை வைத்து என்ன செய்வார் என்றுதான் பார்ப்பேன்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் எழுதியது யாருக்காவது எரிச்சலாக இருந்தாலே மூன்று ஆண்டு வரை சிறை என்கிற பிரிவு. 2008 டிசம்பரில், கூச்சலுக்கு நடுவே, விவாதமே இல்லாமல் நிறைவேறியது. மத்தியில் காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. துறை அமைச்சர் திமுகவின் ஆ. ராசா. 2012 நவம்பரில், சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைவுக்காக மும்பை ஏன் முடங்க வேண்டும் என்று ஒரு பெண் ஃபேஸ்புக்கில் கேட்டார். அவரும் கைது, அதற்கு லைக் போட்ட தோழியும் கைது. அப்போது மாநிலத்தில் ஆண்டது சிவசேனை இல்லை, காங்கிரஸ் கூட்டணி!

அப்புறம் பாஜக ஆட்சிக்கு வந்தது. அவர்களாவது கைவிட்டார்களா என்றால், அதே பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்கள். 2015 மார்ச் 24 அன்று நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. வழக்கை முதலில் போட்டவர் ஒரு சட்ட மாணவி. எந்தக் கட்சியும் இல்லை.

நடுநிலையான தமிழ்ச் செய்தி சேனல் ஒன்று சொல்லுங்கள். – கும்பகோணம் ஆசிரியை

டீச்சர், இல்லை.

சரி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் கட்சி தொடங்கினால் கொடி, சின்னம், அடுத்து சேனல். ஜெயா டிவி, மக்கள் டிவி, கலைஞர் டிவி, கேப்டன் டிவி என்று வரிசையாக வந்தன. இவற்றை நான் பெரிய ஆபத்தாக நினைப்பதில்லை. கலைஞர் டிவியைப் பார்ப்பவருக்கு அது யாருடையது என்று தெரியும். பெயரிலேயே இருக்கிறதே! யாருடையது என்று தெரியாத சேனல்தான் எனக்குப் பயம்.

அரசியலும் ஊடகமும் ஒரே குடும்பத்தில் இருந்தால் என்ன கெட்டுவிடும்? எல்லா ஊரிலும் அப்படித்தானே? – மதுரை வாசகர்

மதுரைக்காரர் இதைக் கேட்கலாமா அண்ணே?

2007 மே 9. கருணாநிதிக்குப் பிறகு யார் என்று கருணாநிதியின் உறவினரான மாறன் குடும்பத்தின் தினகரன் பத்திரிகை ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டது. ஸ்டாலினுக்கு 70 சதவீதம், அழகிரிக்கு 2 சதவீதம். அன்றைக்கே உங்கள் ஊரில் இருந்த தினகரன் அலுவலகத்தை அழகிரி ஆதரவாளர்கள் தாக்கித் தீ வைத்தார்கள். கணினிப் பிரிவு ஊழியர்கள் இரண்டு பேரும் காவலாளி ஒருவரும் செத்துப்போனார்கள். கருத்துக்கணிப்பு எடுத்தவர்களும் அவர்கள் இல்லை, அதைப் போடலாம் என்று முடிவு செய்தவர்களும் அவர்கள் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறாதது. மாறன் குடும்பத்துக்கும் கருணாநிதி குடும்பத்துக்கும் பிளவு. தயாநிதி மாறனின் மத்திய அமைச்சர் பதவி போனது. செப்டம்பரில் கலைஞர் டிவி வந்தது. அதே ஆண்டு அரசு கேபிள் நிறுவனமும் வந்தது, மாறன் குடும்பத்தின் கேபிள் ஏகபோகத்தை உடைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு. என்னைப் போன்ற முற்போக்கு அப்பாவிகள் கை தட்டினோம். 2008 டிசம்பரில் குடும்பங்கள் சேர்ந்துகொண்டன. ஒரு வாரம் முன்பு வரை ஏகபோகமாக இருந்தது, சேர்ந்த பிறகு ஏகபோகம் இல்லாமல் போய்விட்டது. அரசு கேபிள் படுத்துவிட்டது. 2011இல் ஜெயலலிதா வந்துதான் மாதம் 70 ரூபாய்க்கு அதை மறுபடி எழுப்பினார். அவருக்கு மட்டும் ஏழை வீட்டு டிவி மேல் பாசம் பொங்கியது என்று நினைத்துவிடாதீர்கள்.

தீ வைத்த வழக்கு? 2009இல் குற்றம் சாட்டப்பட்ட 17 பேரும் விடுதலை. 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் இதைப் பற்றி எத்தனை சேனல் எத்தனை விவாதம் நடத்தியது என்று யோசித்துப் பாருங்கள்.

தேர்தல் பத்திரம் பாஜகவின் ஊழல். இதில் மற்றவர்களை ஏன் இழுக்கிறீர்கள்? – சென்னை, ஐடி ஊழியர்

கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு வங்கிப் பத்திரமாகப் பணம் தரும் திட்டம் அது. கொண்டுவந்தது பாஜக அரசு, அதிக நன்கொடை பெற்றதும் பாஜகதான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு மட்டும் சுமார் 6,060 கோடி. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் கட்சிகளுக்குக் கொடுக்க, காசு போட்டுப் பத்திரம் அதிகமாக வாங்கிய நிறுவனம் எது? ஒரு லாட்டரி நிறுவனம், 1,368 கோடி. அதில் 509 கோடி திமுகவுக்கு வந்ததாக திமுகவே தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். யார் கொடுத்தார் என்று மறைக்காமல் சொன்னதற்குத் திமுகவைப் பாராட்டலாம், நானும் பாராட்டுகிறேன். ஆனால் விற்கத் தடை உள்ள மாநிலத்தின் அப்போதைய ஆளுங்கட்சிக்கு லாட்டரிக்காரர் 509 கோடி எதற்காகக் கொடுத்தார் என்று கேட்கவும் செய்கிறேன். பத்திரப் பணம் வாங்காமலே இருந்து, வழக்கும் போட்ட கட்சி மார்க்சிஸ்ட். 2024 பிப்ரவரி 15 அன்று அந்தத் திட்டம் ரத்தானபோது நிமிர்ந்து நிற்கும் தகுதி அவர்களுக்கு இருந்தது.

நிருபர்களுக்குக் கவர் கொடுப்பதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். இவர்களை எப்படி மதிப்பது? – பெயர் வேண்டாம்

கவரில் பணம் வாங்குவது தப்புதான். ஆனால் தாலுகா நிருபர் பலருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்று ஏதோ கொடுப்பார்கள், விளம்பரம் பிடித்தால் கமிஷன். நான் உதவி ஆசிரியராக இருந்த பத்திரிகையில் தீபாவளிக்கு ஒவ்வொரு நிருபருக்கும் விளம்பர இலக்கு வைப்பார்கள். யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே போய் விளம்பரம் கேட்க வேண்டும்.

சின்னக் கவரை விட்டுவிட்டுப் பெரிய கவரைப் பாருங்கள். 2009 மகாராஷ்டிரத் தேர்தலில், போட்டிப் பத்திரிகைகளில் முதல்வர் அசோக் சவானைப் புகழ்ந்து ஒரே கட்டுரை வரி மாறாமல் வந்ததை பத்திரிகையாளர் பி. சாய்நாத் எடுத்துப் போட்டார். பக்கம் பக்கமாக வந்த அந்தப் புகழ்ச்சிக்கு நடுவே, பத்திரிகை விளம்பரத்துக்குச் சவான் கணக்குக் காட்டியது 5,379 ரூபாய். காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாகப் போடுவதைப் பற்றி பிரஸ் கவுன்சில் இரண்டு பேரை வைத்து விசாரித்தது. அவர்கள் 71 பக்கத்தில், பெயர் சொல்லி எழுதினார்கள். கவுன்சில் அதைச் சுருக்கி, பெயர்களை உருவிவிட்டு வெளியிட்டது. முழு அறிக்கை தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக 2011இல்தான் வெளியே வந்தது. அதில் பத்திரிகை முதலாளிகளின் பெயர் இருந்ததல்லவா?

வலைப்பதிவுக் காலம் பொற்காலம் என்கிறார்களே? – கோவை, கல்லூரி மாணவி

இ-கலப்பை என்கிற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தட்டி, பதிவுகளைத் திரட்டிக் காட்டும் தமிழ்மணத்தில் இணைத்து, பின்னூட்டத்துக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோம். டொராண்டோவில் இருந்த ஈழத்தமிழரும் திண்டுக்கல் கடைக்காரரும் ஒரே பதிவின் கீழ் சண்டை போட்டார்கள். ஆசிரியரும் இல்லை, முதலாளியும் இல்லை. 2010இல், பெரிய நிறுவனங்களுக்காகப் பேரம் பேசிய நீரா ராடியா அரசியல்வாதிகளோடும் பத்திரிகையாளர்களோடும் பேசிய ஒலிநாடாக்களை இரண்டு வார இதழ்கள் வெளியிட்டபோது பெரிய சேனல்கள் வாயை மூடிக்கொண்டன. அவர்களை வாய் திறக்கவைத்தது இணையம்தான்.

ஆனால் பொற்காலம் இல்லைம்மா. பெயர் சொல்லாத அனானிகள் பெண் பதிவர்களைத் துரத்தித் துரத்தி ஆபாசமாக எழுதினார்கள். நாங்கள் பலர் அதைக் 'கும்மி' என்று சிரித்துவிட்டுப் போனோம். 2009இல் போர் முடியும் நேரத்தில், உறுதி செய்யாத ஒரு தகவலை நானும் பதிவாகப் போட்டேன். நாற்பது பின்னூட்டம் வந்தது. தப்பு என்று தெரிந்ததும் திருத்தம் போட்டேன். இரண்டு பின்னூட்டம். அதில் ஒன்று நான் போட்டது.

சவுக்கு சங்கரை ஆதரிக்கிறீர்களா? – சேலம் வாசகர்

பெண் காவலர்களைப் பற்றி அந்த யூடியூபர் பேசியது கேவலம். அதற்கு வழக்கு நடத்தித் தண்டனை வாங்கித் தரட்டும். 2024இல் அவர் மேல், விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கும் குண்டர் சட்டத்தைப் போட்டது தப்பு. 2017இல் மெரினாவில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்காக மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி மேல் இதே சட்டத்தை அதிமுக அரசு போட்டபோது, நம் ஆட்கள் எல்லோரும் கொதித்தோம். 2024இல் அவர்களில் பாதிப் பேரைக் காணவில்லை.

நீங்கள் எழுதி இதுவரை ஏதாவது மாறியிருக்கிறதா? – தேனி வாசகர்

ஒன்று மாறியது. எங்கள் ரேஷன் கடையில் இருப்புப் பலகை எழுதுவதே இல்லை என்று படத்தோடு எழுதினேன். மறுநாள் காலையில் அரிசி, பருப்பு, பாமாயில் எல்லாம் கிலோ, லிட்டர் கணக்கோடு எழுதியிருந்தது. போய்ப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வந்தேன். மூன்று மாதம் கழித்துப் போனேன். அன்றைக்கு எழுதிய அதே கணக்கு அப்படியே இருந்தது, தேதி உட்பட.