ஸ்கோர் என்ன, தம்பி?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 23. கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். வானொலியில் விளையாட்டு அறிவிப்பாளராக வரவேண்டும் என்று ஆசை. குரல் நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எந்தப் பயிற்சிநெறியில் சேரலாம்? இதை நம்பிப் பிழைக்க முடியுமா? தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்திவிட்டு நான் செய்த 6 ஓவர் வர்ணனையை அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. இப்போது என் வர்ணனைதான் அவருக்கு மெட்ச்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். குரலை விடுங்கள், கொழும்பில் நல்ல குரலுக்குப் பஞ்சமே இல்லை. பயிற்சிநெறி உச்சரிப்பைத் திருத்தும், அவ்வளவுதான். பிழைப்பு? மெட்ச் நாளில்தான் வர்ணனையாளருக்கு வேலை. மற்ற நாட்களில் செய்தி வாசிக்கவேண்டும், விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கவேண்டும். இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.

இனிப் பதிவுக்கு வருவோம். 6 ஓவரில் நீங்கள் ஸ்கோர் சொன்னது 2 தடவை! என்ன அநியாயம் இது? அமெரிக்காவில் பேஸ்போல் வர்ணனை செய்த ரெட் பார்பர், 3 நிமிட மணல் கடிகாரம் ஒன்றை முன்னால் வைத்திருந்தார். மணல் இறங்கி முடிந்தால் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். நம் கணக்கைப் பாருங்கள். 50 ஓவருக்கு மூன்றரை மணித்தியாலம், ஓவர் ஒன்றுக்கு 4 நிமிடத்துக்கு மேல். அப்படியென்றால் ஓவர் முடிவில் மட்டும் சொன்னாலும் போதாது. நடுவிலும் ஒருமுறை வேண்டும். பவுண்டரி போனால் வேண்டும். விக்கெட் விழுந்தால் ஆட்டமிழந்தவரின் ஓட்டத்தோடு வேண்டும். காலி வீதியில் பஸ் ஏறியவரும் கடையில் கணக்கு முடித்தவரும் உங்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை, அந்த நிமிடத்தில்தான் வந்து சேருகிறார்கள்.

2010 ஜூலை 22, காலி நகர மைதானம். முரளி வீசிய பந்து ஓஜாவின் மட்டையில் பட்டு, ஸ்லிப்பில் நின்ற மஹேலவின் கைக்குப் போனது. டெஸ்டில் முரளியின் 800ஆவது விக்கெட்! யாராக இருந்தாலும் அந்த எண்ணைக் கத்துவார், கத்தட்டும். ஆனால் அதோடு இந்தியாவின் இரண்டாவது இனிங்ஸும் 338 இல் முடிந்துவிட்டது, இலங்கை வெல்ல 95 வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் உங்கள் அப்பாவுக்கு 800 மட்டும் போய்ச் சேரும், மெட்ச் போய்ச் சேராது.

அடுத்தது உங்கள் தமிழ். 'இடதுகைப் பந்துவீச்சாளரால் வீசப்பட்ட பந்தை முன்வந்து கவர் திசையினூடாக அடித்து நான்கு ஓட்டங்களைப் பெற்றுக்கொள்கிறார்' என்கிறீர்கள். தமிழில் வினை கடைசியில். நீங்கள் அங்கே போய்ச் சேருமுன் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியும் வந்துவிடும். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து, கையை விட்டு மட்டைக்கு வர ஏறக்குறைய அரைச் செக்கன். 'வீசினார்' என்று சொல்லி முடிக்கவே அது போய்விடும். ஓடிவரும்போதே களத்தடுப்பைச் சொல்லி முடியுங்கள். கை சுழலும்போது 'வீசினார்'. பிறகு வாயை மூடுங்கள். மட்டையின் சத்தத்தை மைதானத்து மைக் கொண்டுவரும், அதன்மேல் ஏறிப் பேசாதீர்கள். அதன்பின் துண்டு துண்டாக: 'அடித்தார். கவர் பக்கம். ஆளில்லை. நான்கு.' இதெல்லாம் வசனமா என்று தமிழ் வாத்தியார் கேட்பார். அவர் வர்ணனை செய்வதில்லை.

இன்னொன்று. தொலைக்காட்சியைப் பார்த்தே பழகினால் களத்தடுப்பு பிடிபடாது. பந்து போன பிறகுதான் கமெரா அங்கே திரும்பும். கழக ஆட்டம் நடக்கும் நாளில் சரவணமுத்து மைதானத்துக்குப் போங்கள். 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடிய இடம், தமிழர் ஒருவரின் பெயர் தாங்கிய மைதானம். பந்துவீச்சாளரின் கைக்கு நேர் பின்னால் உட்காருங்கள். ஸ்கோர் கொப்பியை நீங்களே எழுதுங்கள். 20 நிமிடம் பேசுங்கள், 20 நிமிடம் ஓய்வெடுங்கள்.

பதிவை அப்பாவுக்குப் போட்டுக்காட்டி, நினைத்த இடத்தில் நிறுத்தி 'ஸ்கோர் என்ன?' என்று கேளுங்கள். அவர் தடுமாறுகிற நிமிடங்களைக் குறித்து அடுத்த பதிவோடு அனுப்புங்கள். பேசுமுன் பால் தேத்தண்ணி வேண்டாம். மூன்றாவது ஓவரிலேயே சளி கட்டிச் செருமுகிறீர்கள், இங்கே கேட்கிறது.