இணைப்புக்குப் பின் ஆய்வுக் கட்டுரைகள் பெருகுமா?

கேள்வி: தேசிய ஆராய்ச்சி நிறுவனங்களை ஒன்றாக இணைத்தால் ஆய்வுக் கட்டுரைகள் பெருகும் என்கிறார்கள். கடல் உயிரியல் படிக்கும் என் மகளோ, குறைந்துவிடும் என்று ஆசிரியர்கள் சொல்வதாகக் கூறுகிறாள். எது சரி?
– வாசகி ஒருவர், மண்டபம் முகாம்

பதில்: எந்த முடிவுக்கும் வருமுன், கட்டுரைகளை எப்படி எண்ணினார்கள் என்று கேளுங்கள். இரு நிறுவனங்களின் விஞ்ஞானிகள் சேர்ந்து எழுதிய கட்டுரை, இணைப்புக்கு முன் இரண்டு கணக்கிலும் ஏறியிருக்கும்; இணைந்த பின் அது ஒன்றுதான். உதாரணமாக, ஒரு நிறுவனம் 100 கட்டுரைகளும் மற்றொன்று 80 கட்டுரைகளும் காட்டி, அவற்றில் 20 கூட்டுக் கட்டுரைகளாக இருந்தால், உண்மையான மொத்தம் 180 அல்ல, 160. மறு ஆண்டும் அதே 160 வெளிவந்தால், ஒருவரும் உழைப்பைக் குறைக்காதபோதே 20 குறைந்தது போலத் தோன்றும். அதேபோல், இரு பெயர்கள் ஒரு பெயரானதால் புதிய நிறுவனம் தரவரிசையில் மேலேறுவதும் வளர்ச்சி ஆகாது.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மாதிரி சேகரித்து, ஆய்ந்து, எழுதி, இதழின் மதிப்பாய்வைக் கடந்து ஒரு கட்டுரை வெளிவரப் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஆகவே இணைப்புக்குப் பின் வரும் முதல் ஈராண்டுக் கட்டுரைகள் பழைய நிறுவனங்களில் விதைத்தவையே. நம் நாட்டில் 2021 ஜனவரியில் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆரின் இரு நிறுவனங்கள், அறிவியல் செய்திகளைப் பரப்பும் நிஸ்கேரும் அறிவியல் கொள்கையை ஆராயும் நிஸ்டாட்ஸும், ஒன்றாயின. நார்வேயில் 2018-ல் கடல் ஆய்வு நிறுவனத்தோடு கடலுணவு ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் சேர்ந்தது. டென்மார்க்கின் அரசு மீன்வள ஆய்வு நிறுவனமோ 2007-ல் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குள் போனது. இந்த மூன்றையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. அரசுக்கு ஆலோசனை அறிக்கை எழுதிவந்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் வந்தால் இதழ்க் கட்டுரை எழுத வேண்டிய கட்டாயம் கூடும். அலுவலகத்தோடு அலுவலகம் சேரும்போது அப்படி எதுவும் தானாக நடந்துவிடாது.

இணைப்பால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. விலையுயர்ந்த கருவியையும் நூலகத்தையும் பங்கிட்டுக்கொள்ள முடிவது பெரிய உதவி. ஆனால் என் கவலையெல்லாம் தலைமையகத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் கள நிலையங்களைப் பற்றியதுதான். 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் உங்கள் ஊரிலிருந்து 1971-ல் கொச்சிக்கு மாறியது; ஆயினும் மண்டபத்தில் ஆய்வு நிற்கவில்லை. நிற்காததால்தான், தாய் மீன்களைக் கூண்டில் பொறுமையாக வளர்த்து, 2010-ல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கடல் விரால் குஞ்சு பொரிப்பில் அங்கே வெற்றி கண்டார்கள். உங்கள் மகள் செய்ய வேண்டியது இதுதான்: ஒரே ஆய்வுக் குழுவினரின் கட்டுரைகளை, இணைப்புக்கு முன் ஐந்தாண்டு, பின் ஐந்தாண்டு என்று எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே முறை எண்ணிப் பார்க்கட்டும்.

கேள்வி: கட்டுரை கூடினாலும் குறைந்தாலும் கடலுக்குப் போகிற எங்களுக்கு என்ன?
– வாசகர் ஒருவர், பாம்பன்

பதில்: வல்லம் கரைசேரும் நேரத்தில், கணக்கெடுப்பவர் ஒரு கூடைச் சூடையைக் கொட்டி, ஒவ்வொரு மீனாக அளவுப்பலகையில் வைத்து நீளம் குறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மீன் பெருகுகிறதா, சிறுத்துப் போகிறதா என்று சொல்லும் கட்டுரைகளுக்கு அந்தக் குறிப்பேடே அடிப்படை. இணைப்பின்போது அவருடைய பணியிடம் காலியாகி நிரப்பப்படாமல் போனால், எழுதப்படாத மாதங்களை எந்தக் கருவியாலும் திரும்பப் பெற முடியாது. கட்டுரை எண்ணிக்கையில் அந்தக் குறை தெரிவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். கரையில் நிற்கும் உங்களுக்கோ அவர் வராத அன்றே தெரியும்.